எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இலவசமாகப் படிக்க மூன்று தளங்கள்: வன்னியில் இருந்து படிப்பவருக்கு எது உதவும்?

ஓ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கும் பிள்ளைகள், ஏ.எல்லில் ஐசிடி எடுத்தவர்கள், மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ சின்னதாக ஒரு தொழிலை நடத்திக்கொண்டு தங்களுக்கென்று ஒரு இணையத்தளம் வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வெப் டிசைன் எங்கே படிப்பது? அதற்கு அடிப்படை இரண்டு மொழிகள்: பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது எச்டிஎம்எல், அது எப்படித் தோன்ற வேண்டும் என்று எழுதுவது சிஎஸ்எஸ். காசு கட்டி ஒரு வகுப்பில் சேர முதல், இலவசமாகக் கிடைக்கும் மூன்று தளங்களை ஒருக்கா வடிவாகப் பார்த்துவிடலாம். பிறீகோட்காம்ப், மொஸில்லாவின் எம்டிஎன், டபிள்யூ3ஸ்கூல்ஸ். மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விளங்கிப் படிக்க எம்டிஎன். கைப்பழக்கத்துக்குப் பிறீகோட்காம்ப். மறந்துபோனதைச் சட்டென்று தேட டபிள்யூ3ஸ்கூல்ஸ். ஆனால் எந்தத் தளத்தில் படித்தாலும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெற்றுப் பைல் ஒன்றைத் திறந்து, எதையும் பார்க்காமல் ஒரு முழுப் பக்கத்தை எழுதிப் பார்க்காவிட்டால் படித்தது கையில் நிற்காது. ஒரு தளம் அந்த வெற்றுப் பைலுக்கு முன்னால் ஒருவரை எவ்வளவு தூரம் தயார்படுத்துகிறது என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் நிறுத்திருக்கிறோம்.

பரீட்சைப் பக்கம்

அதற்கு ஒரு பக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. வன்னிக் குளங்கள் பற்றிய பக்கம் என்று வைப்போம். ஒரு தலைப்பு. மூன்று இணைப்புகள் உள்ள மெனு. இரணைமடுவின் படம் ஒன்றும், அதன் கீழே கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் என்ற விளக்கமும். மாவட்டவாரியாகக் குளங்களின் அட்டவணை. கடைசியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்கும் படிவம். அடிப்படை எச்டிஎம்எல்லில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும்.

பாதிப் பரீட்சை அட்டவணைதான். கிளிநொச்சிக்கு இரணைமடு, அக்கராயன், முல்லைத்தீவுக்கு முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, மன்னாருக்குக் கட்டுக்கரை, வவுனியாவுக்குப் பாவற்குளம். ஏழு குளங்கள், தலைப்பு நிரையோடு எட்டு நிரைகள். மாவட்டத்தின் பெயர் ஒருமுறைதான் வர வேண்டும் என்றால் முல்லைத்தீவுக் கலத்துக்கு ரோஸ்பான் (ஒரு கலம் எத்தனை நிரைக்கு நீள வேண்டும் என்று சொல்லும் பண்பு) 3, கிளிநொச்சிக் கலத்துக்கு 2. இந்த இடத்தில்தான் அநேகர் சறுக்குவார்கள். ரோஸ்பான் போட்ட பிறகும் அடுத்த நிரையில் மாவட்டக் கலத்தைத் திரும்ப எழுதிவிடுவார்கள். உடனே அந்த நிரையில் குளத்தின் பெயர் ஒரு நிரல் வலப்பக்கம் தள்ளிப்போய், இரண்டு நிரல் அட்டவணையில் மூன்றாவது ஒன்று முளைக்கும். ரோஸ்பான் 3 என்று எழுதியதுமே கீழுள்ள இரண்டு நிரைகளிலும் அந்த இடம் பிடிபட்டுவிட்டது. அங்கே குளத்தின் பெயருக்கான ஒரேயொரு கலத்தை எழுதினால் போதும். தாளில் பேனையால் கோட் எழுத வேண்டிய ஏ.எல் பிள்ளைக்கு இது கட்டாயம் பிடிபட வேண்டிய இடம், ஏனென்றால் தாளில் பிறவுசர் வந்து பிழையைக் காட்டாது.

பிறீகோட்காம்ப்

2014 இல் தொடங்கிய, இலாப நோக்கமில்லாத அமைப்பு. பாடமும் இலவசம், சான்றிதழும் இலவசம். கணக்குத் திறக்காமலே படிக்கலாம். எதுவரை முடித்தோம் என்பதைச் சேமிக்கவும் சான்றிதழ் எடுக்கவும்தான் கணக்குத் தேவை. இவர்களுடைய றெஸ்பொன்சிவ் வெப் டிசைன் (திரைக்கு ஏற்ப மாறும் பக்கங்களைச் செய்வது) பாடநெறியைத்தான் எங்கள் பக்கத்திலும் கனபேர் தொடங்குகிறார்கள். 300 மணித்தியாலப் பாடநெறி என்று அவர்கள் குறித்திருந்தார்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் ஐந்து மாதம். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலே போட்டுப் பார்க்க வேண்டும்.

2022 இல் வந்த பாடத்திட்டத்தில் ஒவ்வொரு விடயமும் ஒரு சின்ன வேலையாக வரும். பூனைப் படப் பக்கத்தில் எச்டிஎம்எல், கபே மெனுவில் சிஎஸ்எஸ்ஸின் தொடக்கம், ரொத்கோ ஓவியத்தில் பொக்ஸ் மொடல் (ஒரு பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு), படத்தொகுப்பில் பிளெக்ஸ்பொக்ஸ் (ஒரு திசையில் வரிசையாக அடுக்கும் முறை), சஞ்சிகைப் பக்கத்தில் கிறிட் (நிரை நிரலாக அடுக்கும் முறை). பாடத்திட்டத்தை அவர்கள் காலத்துக்குக் காலம் மாற்றுகிறார்கள் என்றாலும் முறை இதுதான்: திரையின் ஒரு பக்கத்தில் அறிவுறுத்தல், நடுவில் கோட், மறுபக்கத்தில் விளைவு. ஒரு படிக்கு ஒரு வரி எழுதுவீர்கள். சரியென்றால் அடுத்த படி. பிழையென்றால் ஒரு குறிப்பு வரும்.

கை பழகுவதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி எல்லாம் யோசிக்காமலே விழத் தொடங்கிவிடும். குறையும் இதே முறைக்குள்தான் இருக்கிறது. ஒரு படியில் என்ன எழுத வேண்டும் என்று அறிவுறுத்தலே ஏறக்குறைய முழுதாகச் சொல்லிவிடுகிறது. ஏன் அந்த டேக் (எச்டிஎம்எல்லில் அடைப்புக்குறிக்குள் எழுதும் குறி), ஏன் அந்த இடத்தில் என்று யோசிக்காமலே நூறு படிகளைக் கடந்துவிடலாம். பிறகு குளங்கள் பக்கத்தை எழுதச் சொன்னால், முதல் வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கும் நிலை வரும். அது பிள்ளையின் குறையில்லை. பாடம் அந்த வேலையை அவரிடம் கொடுக்கவேயில்லை.

இன்னொன்று, பைல்களோடு பழக்கமே வராது. எல்லாம் பிறவுசருக்குள் நடக்கிறது. சொந்தக் கணினியில் எழுதத் தொடங்கியதும் வரும் முதல் முறைப்பாடு, சிஎஸ்எஸ் எழுதியும் ஒன்றும் மாறவில்லை என்பதுதான். அநேகமாகப் பைல் இருக்கும் இடம் பிழைத்திருக்கும். எச்டிஎம்எல் பைல் ஒரு போல்டரிலும் சிஎஸ்எஸ் பைல் அதற்குள் இன்னொரு போல்டரிலும் இருந்தால், சிஎஸ்எஸ் பைலை இணைக்கும் லிங்க் டேக்கின் எச்றெஃப்பில் உள்போல்டரின் பெயர், சாய்கோடு, பிறகு பைலின் பெயர் என்று எழுத வேண்டும். றெல் என்ற பண்பில் ஸ்டைல்ஷீட் என்று எழுதாமல் விட்டாலும் இதே விளைவுதான்: பக்கத்தில் பிழைச்செய்தி எதுவும் வராது, ஸ்டைலும் வராது.

பாடநெறியின் உண்மையான பெறுமதி சான்றிதழுக்கான வேலைகளில் இருந்தது. கருத்துக்கணிப்புப் படிவம், ஒருவருக்கான நினைவுப் பக்கம், தொழில்நுட்ப ஆவணப் பக்கம், பொருள் அறிமுகப் பக்கம், சொந்த அறிமுகப் பக்கம் என்று ஐந்து. அங்கே வழிகாட்டல் இல்லை. நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் மட்டும் தரப்படும். ஆனால் அந்த நிபந்தனைகளைச் சோதிப்பது ஒரு கணினி நிரல். குறித்த ஐடி (ஓர் உறுப்புக்கு வைக்கும் தனிப்பெயர்) உள்ள உறுப்பு இருக்கிறதா, படிவத்தில் மின்னஞ்சல் பெட்டி இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். வாசிக்கவே முடியாத நிறத்தில் எழுத்தைப் போட்டாலும் பெரும்பாலும் சோதனை சித்திதான். அதனால் ஐந்தையும் முடித்தவர், தெரிந்த ஒருவரின் போனில் அவற்றைத் திறந்து காட்டி, எது வாசிக்கக் கடினமாக இருக்கிறது என்று கேட்டுத் திருத்த வேண்டும்.

எம்டிஎன்

மொஸில்லா 2005 இல் தொடங்கிய ஆவணத் தளம். தொழிலாக இதைச் செய்பவர்கள் நாளாந்தம் திறந்து வைத்திருப்பது இதைத்தான். உள்ளே கற்றலுக்கென்றே தனிப் பகுதி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பகுதி எச்டிஎம்எல்லைத் தொடங்கும் விதம்தான் மற்ற இரண்டிலிருந்தும் இதை வேறாக்குகிறது. எந்த டேக் எப்படித் தோன்றும் என்பதிலிருந்து அது தொடங்குவதில்லை. உள்ளடக்கத்தில் எது தலைப்பு, எது வழிசெலுத்தும் பட்டி, எது பிரதான பகுதி என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஹெடர், நாவ், மெயின், ஆர்ட்டிக்கிள், புட்டர் என்ற டேக்குகள் அதற்குப் பிறகு இயல்பாக வந்து உட்காரும்.

இது ஏன் முக்கியம்? எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 (முதல்நிலைத் தலைப்பு) போடுவது, சிறிதாக வேண்டும் என்று எச்5 (ஐந்தாம் நிலைத் தலைப்பு) போடுவது எங்கும் காணும் பழக்கம். கண்ணால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற ஒருவர் தலைப்புகளைப் பிடித்துப் பிடித்துத்தான் பக்கத்துக்குள் நகர்கிறார். எச்1 இலிருந்து எச்5 க்குத் தாவினால் நடுவில் ஏதோ தவறவிட்டோம் என்றுதான் அவருக்குப் படும். அளவை மாற்றுவது சிஎஸ்எஸ்ஸின் வேலை. எச்டிஎம்எல்லுக்கு அதில் வேலையில்லை. பழைய நோட்ஸ்களில் இன்னும் காணப்படும் பொன்ட், சென்டர், மார்கீ டேக்குகளும், பிஜிகலர் போன்ற பண்புகளும் எச்டிஎம்எல்5 இல் வழக்கொழிந்தவை. பிறவுசர் காட்டும் என்பதற்காக அவற்றைப் பழகிவிட்டால் பிறகு மறப்பது கஷ்டம்.

பொக்ஸ் மொடலையும் எம்டிஎன் பொறுமையாக விளக்குகிறது. அகலம் 300 பிக்சல், இரு பக்கமும் பாடிங் (உள்ளடக்கத்துக்கும் ஓரக்கோட்டுக்கும் இடையிலான வெளி) 20, போர்டர் (ஓரக்கோடு) 5 என்றால் பெட்டி திரையில் பிடிக்கும் இடம் 350. பொக்ஸ்சைசிங் என்பதை போர்டர்பொக்ஸ் என்று மாற்றினால் மொத்தமும் 300 க்குள் அடங்கிவிடும். போனில் பக்கம் பக்கவாட்டில் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கணக்குத்தான். 360 பிக்சல் அகலத் திரையில் ஒரு பெட்டிக்கு அகலம் 100% என்றும் பாடிங் 16 என்றும் எழுதினால் 392 ஆகிறது. 32 பிக்சல் வெளியே நிற்கும். சிஎஸ்எஸ் பைலின் தலையிலேயே எல்லா உறுப்புகளுக்கும் போர்டர்பொக்ஸ் என்று எழுதிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

அடுத்து மார்ஜின், அதாவது பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி. மேலே உள்ள பந்திக்குக் கீழ் மார்ஜின் 24, கீழே உள்ளதற்கு மேல் மார்ஜின் 16 என்றால் இடைவெளி 40 வராது, 24 தான் வரும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பெரியது மட்டும் நிற்கிறது. அதே பந்திகளை பிளெக்ஸ்பொக்ஸுக்குள் வைத்தால் மடியாது, 40 தான். இது தெரியாமல் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு பின்னேரமே போய்விடும்.

எம்டிஎன்னின் குறை ஆங்கிலம். வசனங்கள் நீளம், ஒரு பக்கத்துக்குள் பத்து இணைப்பு, ஒவ்வொன்றும் இன்னொரு பெரிய பக்கம். முதல்முறை வாசிக்கும்போது இணைப்புகளைத் தொடாமல் கீழ்வரை போவதே வழி. எலிமென்ட், அட்ரிபியூட், வேல்யூ, ப்ரொப்பர்ட்டி, செலெக்டர், பேரன்ட், சைல்ட் போன்ற சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கொப்பியில் ஒரு பக்கத்தில் பொருளோடு எழுதி வைத்துக்கொண்டால் பாரம் கனக்கக் குறையும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விடயம். எம்டிஎன்னின் கட்டுரைகள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்ந்தால், தமிழில் மொழிபெயர்த்து வகுப்புக்கு நோட்ஸாகக் கொடுக்கலாம். எங்கள் பாடசாலைகளில் ஐசிடி படிப்பிப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எச்டிஎம்எல் அடிப்படைப் பகுதியை மட்டும் தமிழாக்கினாலே வன்னி முழுக்கப் பயன்படும்.

டபிள்யூ3ஸ்கூல்ஸ்

1998 இலிருந்து இருக்கிறது. நோர்வே நிறுவனம் ஒன்றின் தளம். பெயரைப் பார்த்து, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளம் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை.

வசனங்கள் குட்டையானவை, ஆங்கிலம் எளிது, உதாரணத்தைத் திருத்தி உடனே விளைவைப் பார்க்கலாம். ஆங்கிலம் மட்டுமட்டாக உள்ள பிள்ளைக்கு முதல் வாரத்தில் பயத்தைப் போக்க இது நல்லது. அதற்கு மேல் போகாது. உதாரணங்கள் எல்லாம் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒரு பொத்தானுக்கு நிறம் கொடுப்பது தெரியும், அந்தப் பொத்தான் ஒரு முழுப் பக்கத்தில் எங்கே, ஏன் உட்கார வேண்டும் என்பது தெரியாது. விளம்பரங்களும் உண்டு. சான்றிதழுக்குக் காசு, அதைக் கட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் வரும் சிக்கல்கள்

மூன்று தளங்களிலும் படிக்கும்போது உதாரணங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் இவை எதுவும் கண்ணில் படாது. குளங்கள் பக்கத்தைத் தமிழில் எழுதியதும் ஒவ்வொன்றாக வரும்.

முதலாவது பாமினி என்ற பழைய எழுத்துரு. வவுனியா, கிளிநொச்சி அச்சகங்களில் நோட்டீசும் கலியாணக் காட்டும் பாமினியில் அடித்த பைல்கள் ஏராளம். அதிலிருந்து கொப்பி பண்ணி வெப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். பாமினியில் தமிழ் எழுத்து என்று உள்ளே எதுவும் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குப்பையில் அரைப்புள்ளிகள் நிறைய வருவதற்கும் காரணம் உண்டு: மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசையைத்தான் பாமினி எடுத்திருக்கிறது. யுனிகோட்டுக்கு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரம்) மாற்றித்தரும் மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கொம்புகளும் ஸ்ரீ போன்ற எழுத்துகளும் சிலவேளை இடம் மாறி நிற்கும்.

இரண்டாவது, பைலைச் சேமிக்கும் முறை. பழைய விண்டோஸின் நோட்பாட் இயல்பாக ஆன்சி முறையில் சேமிக்கும். தமிழ் அப்படிச் சேமிக்கப்பட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. சேமிக்கும் பெட்டியில் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎப்-8 என்று தெரிய வேண்டும். விண்டோஸ் 10 இன் 2019 பதிப்பிலிருந்து நோட்பாட்டே அதை இயல்பாக்கிவிட்டது. ஹெட் பகுதிக்குள் மெட்டா சார்செட் யூடிஎப்-8 என்ற வரியும் முதலாவதாக வர வேண்டும். பைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்பது விதி. நீளமான குறிப்புகளை அதற்கு மேலே எழுதிவிடக் கூடாது. எச்டிஎம்எல் டேக்கில் லாங் என்ற பண்புக்குத் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் வாசிக்கும்.

மூன்றாவது உயரம். ஒரு பொத்தானுக்கு உயரம் 32 பிக்சல், லைன்ஹைட் (வரி உயரம்) 1, வெளியே போவதை மறை என்று எழுதினால் ஆங்கிலத்தில் வடிவாக இருக்கும். தமிழில் 'குறிப்பு' என்று எழுதினால் றி எழுத்தின் மேல்சுழியும் கு, பு எழுத்துகளின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படலாம். உயரத்தை எழுதாமல் மேலும் கீழும் பாடிங் கொடுத்தால் பொத்தான் எழுத்துக்கு ஏற்ப வளரும். பந்திகளுக்கு லைன்ஹைட் 1.6 இலிருந்து 1.8 வரை வைத்தால் வாசிக்க இதமாக இருக்கும். அலகு போடாமல் வெறும் எண்ணாக எழுத வேண்டும். பிக்சலில் எழுதினால் பெரிய தலைப்புக்கும் அதே இடைவெளி போய் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

அகலத்திலும் இதே பிரச்சினை. தமிழ்ச் சொற்கள் நீளம். 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற ஒரு சொல் சின்னப் போனில் மெனுவையே வெளியே தள்ளிவிடும். ஓவர்ப்ளோறப் என்பதற்கு எனிவெயர் என்று கொடுத்தால் சொல் மடியும். மெனுவில் அப்படி மடிந்தால் அழகில்லை, அங்கே 'தொடர்பு' என்று சுருக்குவதே சரி. லெட்டர்ஸ்பேசிங்கைத் தமிழுக்குப் பாவிக்காதீர்கள். எழுத்துகள் பிரிந்து வாசிப்புக் கெடும். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் அரிது. பிறவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சரித்துக் காட்டும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, விண்டோஸ் 7 இல் லதா, அதற்குப் பிந்தியவற்றில் நிர்மலா, பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களில் நோட்டோ தமிழ் என்று ஒவ்வொன்றிலும் அகலம் வேறுபடும். ஒரு கணினியில் ஒரு வரியில் நின்ற தலைப்பு இன்னொன்றில் இரண்டு வரியாகும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் கூகுள் பொன்ட்ஸிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் போன்ற ஒன்றை எடுக்கலாம். 400, 700 என்ற இரண்டு தடிப்புகள் போதும். இருக்கும் எல்லாத் தடிப்புகளையும் இணைத்தால் டேட்டா போட்டுப் பார்ப்பவருக்குத்தான் செலவு.

பழைய கணினி, போன், டேட்டா

விண்டோஸ் 7 இல் ஓடும் லப்டொப்புகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் குறோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. கோட் எழுதும் செயலியான விஎஸ் கோட்டில் 1.70 தான் கடைசி. படிப்பதற்கு இவை தாராளம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சிஎஸ்எஸ்ஸில் ஒரு விதிக்குள் இன்னொரு விதியை எழுதும் நெஸ்டிங் முறை குறோம் 112 இல்தான் வந்தது. புதிய பாடம் ஒன்றைப் பார்த்து அப்படி எழுதினால் 109 இல் உள்ளே எழுதிய விதி சத்தமில்லாமல் விடுபடும். எம்டிஎன்னின் உசாத்துணைப் பக்கங்களின் அடியில் எந்தப் பிறவுசரின் எந்தப் பதிப்பிலிருந்து அது வேலை செய்கிறது என்ற அட்டவணை இருக்கிறது. எழுதியது வேலை செய்யாவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இந்த ஒரு அட்டவணைக்காகவே எம்டிஎன்னை மற்ற இரண்டுக்கும் மேலே வைக்கலாம்.

விஎஸ் கோட் ஏற முடியாத அளவுக்கு மெதுவான கணினியென்றால் நோட்பாட்++ போதும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அக்கோட் அல்லது ஸ்பெக் எடிட்டர் என்ற செயலியில் எச்டிஎம்எல்லை நன்றாகவே பழகலாம். சிஎஸ்எஸ்ஸில் அகலத் திரைக்கான பகுதி வரும்போதுதான் கை கட்டுப்படும். அதற்குக் கணினி வேண்டும்.

சிக்னல் மெலிவான இடங்களில் இருப்பவர்களுக்கு டெவ்டாக்ஸ் என்ற தளத்தைச் சொல்ல வேண்டும். எம்டிஎன்னின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் உசாத்துணைப் பக்கங்களை அங்கே ஒருமுறை பிறவுசருக்குள் இறக்கி வைத்துவிட்டால் பிறகு இணையம் இல்லாமலே தேடி வாசிக்கலாம். பட்டணத்துக்கு வரும் நாளில் வைபையில் இறக்கிக்கொண்டு போனால் வீட்டில் டேட்டா தேவையில்லை. பிறீகோட்காம்ப் பாடங்களுக்கு இணைப்பு வேண்டும், அது அதன் இன்னொரு குறை.

எப்படிப் பாவிப்பது

முதலில் எம்டிஎன்னின் எச்டிஎம்எல் பகுதி. அது முடிந்ததும் குளங்கள் பக்கத்தைச் சிஎஸ்எஸ் ஒரு வரிகூட இல்லாமல் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, அழகில்லாமல்தான் இருக்கும். அந்த நிலையிலேயே மேலிருந்து கீழே வாசித்தால் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் கட்டமைப்புப் பிழை, அதைச் சிஎஸ்எஸ் திருத்தாது. பிறகு டபிள்யூ3சியின் வேலிடேட்டர் என்ற பிழைச் சோதனைத் தளத்தில் கோட்டை ஒட்டிச் சோதியுங்கள். முப்பது பிழை காட்டினாலும் பயப்பட வேண்டாம். முதலாவதை மட்டும் திருத்தி மறுபடி ஓட விடுங்கள். மூடாமல் விட்ட ஒரு டேக்கே கீழே பல பிழைகளைக் கிளப்பியிருக்கும்.

அதன் பிறகு பிறீகோட்காம்ப்பில் பொக்ஸ் மொடல், பிளெக்ஸ்பொக்ஸ், கிறிட் ஆகிய மூன்றையும் செய்துவிட்டு, ஒவ்வொன்றும் முடிந்த அன்றே அதைக் குளங்கள் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். குளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை செய்து கிறிட்டில் அடுக்கினால், நிரலின் ஆகக்குறைந்த அகலம் 220, இடைவெளி 16, நிரல்களின் எண்ணிக்கையைத் திரையே தீர்மானிக்கட்டும் என்று எழுதலாம். 360 அகலப் போனில் ஓரங்கள் போக 328 மிஞ்சும். இரண்டு நிரலுக்கு 456 வேண்டும், ஆகவே ஒன்றுதான் நிற்கும். 768 அகல டப்லெட்டில் 736 மிஞ்சும். மூன்று நிரலுக்கு 692 போதும், மூன்று நிற்கும். திரை அகலத்துக்கு ஏற்ப வேறு விதி போடும் மீடியா குவறி ஒன்றும் எழுதாமலே இது நடக்கிறது. கணக்கைக் கையால் போட்டுவிட்டுப் பிறகு திரையில் ஒப்பிடுங்கள், கிறிட் அப்போதுதான் பிடிபடும். போனின் திரை அகலத்தையே பக்கத்தின் அகலமாக எடுக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக்கை எழுத மறந்திருந்தால் போன் இந்தப் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். கணக்கு எல்லாம் பொய்த்துப்போகும். அட்டவணையை மட்டும் தனியே டிவ் என்ற ஒரு பெட்டிக்குள் வைத்து, அது மட்டும் பக்கவாட்டில் நகரும்படி விடுங்கள்.

எழுதிய நிறம் வராவிட்டால் எஃப்12 ஐ அழுத்தி, பிறவுசரின் சோதனைக் கருவியில் அந்த உறுப்பின் சிஎஸ்எஸ்ஸைப் பாருங்கள். உங்கள் வரி குறுக்கே கோடிட்டு வெட்டப்பட்டிருந்தால் இன்னொரு விதி அதை வென்றுவிட்டது என்று பொருள். ஐடி கிளாஸை (பல உறுப்புகளுக்குப் பொதுவாக வைக்கும் பெயர்) வெல்லும், கிளாஸ் வெறும் டேக்கை வெல்லும், சமமென்றால் கடைசியாக எழுதியது வெல்லும். வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் எழுத்துப்பிழை. காரணத்தைத் தேடாமல் மற்ற விதிகளை மீறவைக்கும் இம்போர்ட்டன்ட் என்ற சொல்லைப் போட்டு அடக்கினால், அடுத்த முறை அதையும் அடக்க இன்னொன்று போட வேண்டி வரும்.

பக்கம் முடிந்ததும், இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக ஏற்றலாம். கணக்குத் திறந்து, பொதுவில் தெரியும் ஒரு றிப்போசிட்டரி (பைல்களை வைக்கும் இடம்) உருவாக்கி, பைல்களை இழுத்துப் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸ் என்ற இடத்தில் மெயின் கிளையைத் தெரிவுசெய்தால் போதும். முதற்பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ் என்று சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் பைல் நீட்சியை மறைத்து வைத்திருப்பதால், நோட்பாட்டில் எழுதியது கண்ணுக்கு எச்டிஎம்எல் மாதிரித் தெரிந்து உள்ளே டெக்ஸ்ட் பைலாக இருக்கலாம். போல்டரின் வியூ பகுதியில் நீட்சியைக் காட்டும்படி தெரிவுசெய்து சரிபாருங்கள். படங்களைப் போனில் எடுத்தபடியே ஏற்ற வேண்டாம். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் போதும், ஸ்குவூஷ் என்ற தளம் பிறவுசருக்குள்ளேயே அதைச் செய்து தரும்.

கணினியில் தெரிந்த படம் ஏற்றிய பிறகு தெரியாவிட்டால் பைலின் பெயரைப் பாருங்கள். கமரா நீட்சியைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும், நீங்கள் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும். கிட்ஹப் இரண்டையும் வேறு பைலாகப் பார்க்கும். எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் இந்தச் சிக்கலே வராது. திருத்தி ஏற்றியும் பழைய பக்கமே தெரிந்தால், வெளியாக பத்து நிமிடம் வரை எடுக்கலாம். அதன் பிறகும் மாறாவிட்டால் கொன்ட்ரோலோடு எஃப்5 ஐ அழுத்துங்கள்.